வட்டத்தொட்டி

தென்காசியில் ரயிலை விட்டு இறங்கிக் குற்றாலத்துக்குப் போகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அருவிக்காகப் போகிறவர்கள். கையில் எண்ணெய்ப் புட்டி, தோளில் துண்டு, மனத்தில் சாரல். முதல் முறை நானும் அப்படித்தான் போனேன். தலையில் விழுந்த தண்ணீரும் பிறகு இலையில் விழுந்த இட்லியும் போதும் போதும் என்று ஆகிவிட்டன. குற்றாலத்தில் வேறு என்ன இருக்கிறது என்று யோசிக்க அன்று அவகாசமே இல்லை.

இரண்டாம் முறை போனபோது அருவியில் தண்ணீர் இல்லை. தப்பான மாதத்தில் போய்விட்டேன். ஆனால் அதை நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் இல்லாத குற்றாலத்தில் கூட்டம் இராது. சித்திர சபையில் நிதானமாக ஒரு மணி நேரம் நிற்கலாம்.

நடராஜப் பெருமானுடைய ஐந்து சபைகளில் இது ஒன்று. மற்றவை பொன், வெள்ளி, தாமிரம், ரத்தினம் என்று விலையுயர்ந்த பெயர்களைச் சூடிக்கொண்டிருக்கின்றன. இதற்கு மட்டும் சித்திரம். குற்றாலநாதர் கோயிலுக்குள் அடங்காமல், தெப்பக்குளத்தோடு தனியாக நிற்கும் மண்டபம். உள்ளே சுவர் முழுவதும் ஓவியங்கள். கதை கதையாக, வரிசை வரிசையாக. கண்காட்சி என்ற வார்த்தையைப் பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடிப்பதற்கு வெகு காலம் முன்பே இந்த ஊரில் ஒரு கண்காட்சி சாலை இருந்திருக்கிறது. டிக்கெட் இல்லை, கதவு மட்டும் உண்டு. சாமியே ஓவியமாகத்தான் இருக்கிறார்.

அந்தச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், சுவரே இல்லாமல் இதே வட்டாரத்தில் நடந்த இன்னொரு சபையின் நினைவு வந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டி. கே. சிதம்பரநாத முதலியார் என்று முழுப் பெயரைச் சொன்னால் இன்று பலருக்கு யோசனை வரும். டி.கே.சி. என்றால் சிலருக்கு ஞாபகம் வரும். ரசிகமணி என்றால் இன்னும் சிலருக்கு. சொந்த ஊர் தென்காசி. சட்டம் படித்துத் திருநெல்வேலியில் வக்கீலாக அமர்ந்தார். தொழிலில் மனம் ஊன்றவில்லை. 1927 முதல் 1930 வரை சென்னைச் சட்ட மேல்சபையில் அங்கத்தினர். பிறகு ஐந்தாண்டுக் காலம் அறநிலையக் கமிஷனர். இந்த உத்தியோகங்களையெல்லாம் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டதற்காக அவர் என்னைக் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அவருடைய உண்மையான உத்தியோகம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இருந்தது.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் வட்ட வடிவமான தொட்டிக்கட்டு ஒன்று உண்டு. பழைய வீடுகளில் நடுவே வானத்துக்குத் திறந்து, மழைத் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் முற்றத்தைத் தொட்டி என்பார்கள். 1920களில் அங்கே நண்பர்கள் கூட ஆரம்பித்தார்கள். கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்றே பெயர் விழுந்தது. சங்கம் என்றால் தலைவர் வேண்டும், காரியதரிசி வேண்டும், சந்தா வேண்டும், பிறகு சண்டை வேண்டும். இங்கே உட்கார இடம் மட்டும் இருந்தது.

என்ன நடந்தது அங்கே? இதை விளக்குவதுதான் கஷ்டம். ஒரு பாட்டைப் படித்தார்கள். அவ்வளவுதான். கம்பரிலிருந்து ஒன்று, அல்லது முத்தொள்ளாயிரத்திலிருந்து ஒரு வெண்பா, அல்லது பக்கத்து ஊர்க்காரரான திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியிலிருந்து ஒன்று. டி.கே.சி. அதை ஒரு தரம் சொல்வார். மறுபடி சொல்வார். மூன்றாம் முறை வேறோர் இடத்தில் நிறுத்திச் சொல்வார். பதவுரை கிடையாது, இலக்கணக் குறிப்பு கிடையாது. பாட்டுக்கு ஓர் உருவம் உண்டு, அந்த உருவம் காதில் பிடிபட்டால் பொருள் தானே வந்து நிற்கும் என்பது அவருடைய கட்சி. பண்டிதர்கள் பாட்டைப் பிரித்துப் போட்டு எலும்பு எண்ணுகிறார்கள், பாட்டு எழுந்து நடப்பதை யார் பார்க்கிறார்கள் என்பது அவருடைய வழக்கு. வக்கீல் தொழிலில் வாதாடாத வாதத்தையெல்லாம் இந்த ஒரு வழக்குக்காகச் சேர்த்து வைத்திருந்தார் போலும்.

இதைச் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று நானே ஒரு முறை முயன்றதுண்டு. வீட்டுக்கு வந்த நாலைந்து நண்பர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கும் பாட்டை உரக்கப் படித்தேன். முதல் தரம் படித்தபோது மரியாதையாகக் கேட்டார்கள். இரண்டாம் தரம் ஒருவர் கடியாரத்தைப் பார்த்தார். மூன்றாம் தரம் எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது சமையலறையிலிருந்து காப்பி கொண்டுவந்த என் மனைவி, "ஏன் இத்தனை அவசரம்? பந்து கீழே விழுந்து எழும்ப வேண்டாமா?" என்றாள். நாலாம் தரம் அவள் சொன்னபடி ஒவ்வோர் அடியின் பாதியிலும் இம்மியளவு நிறுத்திப் படித்தேன். உண்மையாகவே பந்து எழும்பியது! வளையலும் கொண்டையும் இடையும் பந்தோடு சேர்ந்து ஆடின. கடியாரம் பார்த்த நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அகராதியில் தேட வேண்டிய வார்த்தை ஒன்றிரண்டு இருந்ததை யாரும் கவனிக்கவே இல்லை.

ஒரு பாட்டுக்கு இவ்வளவு. இதே வேலையை வாரம் தவறாமல் வருஷக்கணக்கில் செய்தால் கேட்டவர்கள் என்ன ஆவார்கள்? அதற்குப் பதில் சொல்லச் சில பெயர்கள் இருக்கின்றன. அ. சீனிவாசராகவன் ஆங்கிலப் பேராசிரியர், கவிஞர். அவருடைய 'வெள்ளைப் பறவை' 1968ல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. மீ. ப. சோமு வானொலிக்குப் போனார். 1962ல் அதே பரிசு அவருக்கும் வந்தது. நீதிபதி மகராஜன் ஷேக்ஸ்பியரைத் தமிழில் கொண்டுவந்தார். தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டே ஊர் ஊராகக் கோயில்களைப் பார்த்து எழுதினார்.

தொண்டைமானைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். அவர் தஞ்சாவூரில் உத்தியோகம் பார்த்தபோது வயலிலும் வாய்க்கால் கரையிலும் கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளைத் திரட்டிச் சேர்க்க முன்னின்றார். 1951ல் அரண்மனைக் கட்டடத்தில் தஞ்சைக் கலைக்கூடம் பிறந்தது. இன்று வெளிநாட்டார் வந்து மூக்கின் மேல் விரலை வைத்துப் பார்க்கும் கூடம் அது. பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிய ஒருவர், கல்லையும் திரும்பிப் பார்த்தார். வட்டத்தொட்டி நடத்திய கண்காட்சி எது என்று யாராவது கேட்டால் நான் தஞ்சாவூருக்கு வழி காட்டுவேன்.

சங்கீதத்திலும் அவர் கட்சி இதேதான். கேட்கிறவனுக்கு விளங்காத பாஷையில் பாடிவிட்டுத் தலையை ஆட்டச் சொன்னால் எப்படி? 1943ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கியபோது, ராஜாஜி, கல்கி ஆகியோரோடு டி.கே.சி.யும் அந்தப் பக்கம் நின்றார். பெரிய சண்டை அது. கச்சேரி மேடைகள் இரண்டுபட்டன. எதிர்க்கட்சியில் இருந்தவர்கள் ஒன்றும் அசடர்கள் அல்லர். தியாகராஜரைத் தள்ளிவிட்டு என்ன சங்கீதம் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் டி.கே.சி. இருந்த சீமையை நினைத்துப் பாருங்கள். சங்கரன்கோயிலுக்கு அருகே சென்னிகுளத்தில் பிறந்து, ஊற்றுமலை ஜமீன்தாரின் ஆதரவில் வாழ்ந்து, 1891ல் இருபத்தாறு வயதில் மறைந்த அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து, அங்கே காவடி தூக்குகிறவர்களின் வாயில் இருந்தது. பாட்டும் இசையும் பொருளும் ஒன்றாகவே வந்துகொண்டிருந்த ஊர்க்காரர், அவற்றைப் பிரித்து வைத்திருப்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டதில் என்ன ஆச்சரியம்?

பிற்காலத்தில் அவர் குற்றாலத்துக்கே வந்து தங்கிவிட்டார். குற்றால முனிவர் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். முனிவர் என்றால் காற்றைப் புசித்துக்கொண்டு தனியாக இருப்பவர் என்று எண்ண வேண்டாம். இந்த முனிவரின் ஆசிரமத்தில் விருந்துக்குக் குறைவே இல்லை. ராஜாஜி வருவார், கல்கி வருவார். இடைசெவல் கிராமத்திலிருந்து பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத ஒரு கரிசல் காட்டு இளைஞரும் வருவார். அவர்தான் பின்னால் கி. ராஜநாராயணன். எட்டாத உயரத்தில் இருந்தவரையும் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துப் பாட்டுச் சொன்ன வீடு தமிழ்நாட்டில் எத்தனை இருந்திருக்கும்?

எல்லாம் சரிதான். குறை சொல்ல ஒன்றும் இல்லையா? இருக்கிறது, பெரிய குறை.

கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கு மேல் பாட்டுக்கள். அவற்றில் பலவற்றைக் கம்பர் பாடியிருக்க முடியாது, பிற்காலத்தார் இடையில் நுழைத்துவிட்டார்கள் என்று டி.கே.சி. நம்பினார். நம்பியதோடு நிற்கவில்லை. தம் காதுக்குப் பொருந்தியவற்றை மட்டும் எடுத்து, 'கம்பர் தரும் ராமாயணம்' என்று தனிப் பதிப்பாகக் கொண்டுவந்தார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். எந்த ஏட்டில் இருக்கிறது இந்தப் பாடம் என்று கேட்டவர்களுக்கு, பாட்டே சொல்கிறது என்பதுதான் பதில்.

இதை நான் ஒப்பவில்லை. காது பெரிய கருவிதான். ஆனால் ஏட்டுச் சுவடிக்குச் சாட்சி சொல்ல அது போதாது. அதே ஜில்லாவில் பிறந்த வையாபுரிப் பிள்ளை சுவடிக்குச் சுவடி ஒப்பிட்டு எழுத்தெழுத்தாகத் தமிழை ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. ஒருவர் கண்ணை நம்பினார், ஒருவர் காதை நம்பினார். பதிப்பு என்று வந்தால் நான் கண் பக்கம். என் பிரியத்துக்குரிய கம்பர் பாட்டு ஒன்று டி.கே.சி.யின் பதிப்பில் இல்லை என்று கண்டபோது, நம் வீட்டுப் பிள்ளையைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டதுபோல் இருந்தது எனக்கு. அன்று இரவு அந்தப் பாட்டைப் பத்துத் தரம் உரக்கப் படித்தேன், அவர் தப்பு என்று நிரூபிக்க. பத்தாம் தரத்தில் ஓர் அடி கொஞ்சம் தொய்வது எனக்கே கேட்டுவிட்டது. அதற்காகவும் அவரை நான் மன்னிக்கவில்லை.

லண்டனில் 1764ல் ஓவியர் ரெனால்ட்ஸ் தொடங்கிய கிளப்பில் டாக்டர் ஜான்ஸன் உட்கார்ந்து பேசினார். அங்கே பாஸ்வெல் என்று ஒருவர் வந்து சேர்ந்து, அவர் தும்மியதைக்கூட எழுதி வைத்தார். இருநூற்றைம்பது வருஷம் கழித்தும் அந்தப் பேச்சு நமக்குக் கேட்கிறது. வட்டத்தொட்டிக்குப் பாஸ்வெல் வாய்க்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் நன்றாக எழுதக்கூடியவர்கள். ஆனால் எல்லாரும் கேட்பதில் முனைந்துவிட்டார்கள். டி.கே.சி.யின் கட்டுரைகள் உண்டு, நண்பர்களுக்கு எழுதிய அருமையான கடிதங்கள் உண்டு. மூன்றாம் தரத்தில் எங்கே நிறுத்தினார் என்பது எதிலும் இல்லை. நிறுத்தத்தை அச்சுக் கோக்க எழுத்து ஏது?

அவர் பட்ட பெரிய துக்கம் ஒன்று. மகன் தீத்தாரப்பன் இளமையில் போய்விட்டார். நாஞ்சில் நாட்டிலிருந்து கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஓர் இரங்கற்பா எழுதி அனுப்பினார். எந்தத் தகப்பனும் கையில் வாங்க அஞ்சும் காகிதம் அது. பாட்டு மனிதனைத் தாங்கும் என்று ஞாயிறு தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு அன்று பரீட்சை. அந்தப் பாட்டில் ஆறுதல் கண்டார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இலக்கியத்தைப் பற்றி என்னவெல்லாமோ வாதம் செய்கிறோம். இதை நினைத்தால் எனக்கு வாய் அடைத்துவிடுகிறது.

1954 பிப்ரவரி 16ஆம் தேதி டி.கே.சி. மறைந்தார். அதே வருஷம் செப்டம்பரில் கவிமணி. டிசம்பரில் கல்கி. பாட்டுப் பாடியவர், அதைச் சொல்லிக் காட்டியவர், அதை ஊரெல்லாம் அறியப் பத்திரிகையில் போட்டவர் என்று மூவரும் ஒரே ஆண்டில் புறப்பட்டுவிட்டார்கள்.

குற்றாலத்திலிருந்து தென்காசிக்குத் திரும்பும்போது நடுவில் மேலகரம் வருகிறது. ராசப்பக் கவிராயர் ஊர். குறவஞ்சிக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். 1944ல் அடையாற்றில் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரம் அதே குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றியது. நிலம் கிடைத்த பாட்டுக்கு மேடையும் கிடைத்தது.

மேலகரத்தைத் தாண்டினால் தென்காசிக் கோபுரம் தெரியும். 1446ல் பராக்கிரம பாண்டியன் தொடங்கிய கோயில் அது. அவன் கெட்டிக்காரன். பிற்காலத்தில் இந்தக் கோயில் சிதைந்தால் அதைச் சீர்ப்படுத்தப் போகிறவர்களின் காலில் இப்போதே விழுகிறேன் என்று பாட்டாக எழுதிக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போனான். கோபுரம் சிதைந்தது. டி.கே.சி. தம் வாழ்நாள் முழுவதும் பார்த்தது பிளந்து நின்ற மொட்டைக் கோபுரத்தைத்தான். பாண்டியனுடைய நமஸ்காரத்தை வாங்கிக்கொள்ளப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். புதிய கோபுரம் எழும்பி 1990ல் குடமுழுக்கு நடந்தது.

நான் போன அன்று கோயிலில் கூட்டம் இல்லை. கல்வெட்டுப் பாட்டை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் சத்தமாப் படிங்களேன், எனக்கும் கேக்கட்டும்" என்றாள். இரண்டாம் தரம் சத்தமாகப் படித்தேன்.