டாலாக் கரையில் எழுதப்படாத கணக்கு



யாங்கூனின் பான்சோடான் துறையில் படகேறினால் சில நிமிடங்களில் அக்கரையிலுள்ள டாலாவை அடையலாம். 1865-இல் தொடங்கிய ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் கப்பல் கட்டுந்துறை அங்கேதான் இருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து பாகங்களாக வந்த நீராவிக் கலங்களை அங்கே பூட்டினர்; பழுதானவற்றைச் செப்பனிட்டனர். கம்பெனியின் உச்சக் காலத்தில் 600-க்கும் மேற்பட்ட கலங்கள் பர்மாவின் ஆறுகளில் ஓடின.

அவற்றின் பின்னே மனித உடல்கள் இருந்தன. இரும்புத் தகடு தூக்கிய தோள்கள். குனிந்து ரிவெட் ஆணி அறைந்த கைகள். எதிர்க்கரைத் துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமந்தவர்களுள் தெலுங்கரே மிகுதி. தமிழரும் ஒடியரும் உடன் உழைத்தனர். கலத்தின் அச்சு தேய்ந்தால் மாற்றுவதற்குப் பட்டறை இருந்தது. தொழிலாளியின் இடுப்பு தேய்ந்தால் என்ன இருந்தது?

சட்டம் ஒன்று இருந்தது. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அதற்கும் பொருந்திற்று. விபத்தில் கை போனால் அச்சட்டம் விலை குறித்தது. தொழில்நோய்களாக அது முதலில் ஏற்றவை ஆந்த்ராக்ஸ், ஈய நஞ்சு, பாஸ்பரஸ் நஞ்சு ஆகியவையே. பத்தாண்டு மூட்டை சுமந்து தேய்ந்த முதுகுக்கு அப்பட்டியலில் இடமில்லை. ஓய்ந்தவனின் இடத்தில் வேறொருவனை நிறுத்துவதும் எளிதாயிருந்தது. 1930 மே மாதத்தில் இந்தியத் துறைமுகத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களிடத்தில் பர்மியரை அமர்த்தினர்; உடன்பாடு ஏற்பட்டதும் அந்தப் பர்மியரைத் திருப்பி அனுப்பினர். அதனால் மூண்ட கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏழைக்கு எதிராக ஏழை நிறுத்தப்பட்டான்.

இந்த வலியை உலகம் அறியாமலில்லை. இத்தாலிய மருத்துவர் ராமாசினி 1700-இலேயே தொழிலாளரின் நோய்களைப் பற்றி நூல் எழுதி, நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலையும் கேட்கவேண்டுமென மருத்துவர்களை வலியுறுத்தினார். 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ, உடல் தேயுமளவு மனிதரை வேலை வாங்குவது நீதியன்று என்று ‘ரேரும் நொவாரும்’ சுற்றுமடலில் உரைத்தார். ஆயினும் ஒருவர் தூக்கும் சுமைக்கு வரம்பு வேண்டுமெனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை செய்தது 1967-இல்தான். 55 கிலோவுக்கு மேற்பட்ட சுமையை விரைந்து குறைக்க வேண்டுமென்று அதனோடு பரிந்துரைத்தது.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? இன்று நீங்கள் கிடங்குகளில் பெட்டி தூக்குகிறீர்கள். தொழிற்சாலைகளில் ஒரே அசைவை நாள் முழுதும் செய்கிறீர்கள். தோள் வலித்தால் ‘வயதாகிவிட்டது’ என்கிறீர்கள். தைலம் தேய்த்துக்கொண்டு அடுத்த முறைவேலைக்குப் புறப்படுகிறீர்கள். டாலாவின் தொழிலாளிக்கு வலியை எழுதிவைக்க ஏடில்லை. உங்களுக்கு உண்டு. வலி தொடங்கிய நாளையும் அதை வரவழைக்கும் வேலையையும் குறித்து வையுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். மேற்பார்வையாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். தனியே அஞ்சினால் உடன் உழைப்பவரோடு சேர்ந்து செல்லுங்கள்.

பொறுமை நற்பண்புதான். ஆனால் உடல் தேய்வதை மறைப்பது பொறுமையாகாது. அந்த உடலும் இறைவன் தந்ததே.