கல்லில் உறைந்த திசை

மனிதனின் வரலாற்றுக்கு ஓலையும் செப்பேடும் கல்வெட்டும் சான்று பகர்கின்றன. மனிதன் தோன்றுமுன் நிகழ்ந்தவற்றுக்குச் சான்று எங்கே? உளி படாத கல்லிலும் எழுத்துண்டு என்று அறிவியல் கண்டுகொண்ட வரலாறு எண்ணி மகிழத்தக்கது.

எரிமலைக் குழம்பில் மாக்னடைட் என்னும் இரும்புத்தாது நுண்துகள்களாகக் கலந்துள்ளது. குழம்பு இறுகி, சுமார் 580 பாகை செல்சியசுக்குக் கீழே குளிரும்போது அத்துகள்கள் காந்தத்தன்மை பெற்று, அவ்விடத்துப் புவிக்காந்தத்தின் திசையை ஏற்றுக்கொள்கின்றன. மீண்டும் கடும் வெப்பத்துக்கு உள்ளாகாதவரை அத்திசை பல கோடி ஆண்டுகள் நிலைத்திருக்கக்கூடும். புவிக்காந்தப் புலம் நிலநடுக்கோட்டில் கிடையாகவும், துருவங்களில் செங்குத்தாகவும், இடையில் அகலாங்குக்கு ஏற்பச் சாய்ந்தும் அமைகிறது. எனவே, பல அடுக்குகளின் சாய்வை அளந்து சராசரி கண்டால், அப்பாறை பிறந்த அகலாங்கு புலப்படும். கிழக்கு மேற்காக நகர்ந்த தொலைவை மட்டும் அது கூறாது.

வெசூவியஸ் எரிமலையின் பாறைகள் புவிக்காந்தத் திசையை ஏற்றிருப்பதை இத்தாலியரான மெல்லோனி 1853-இல் எடுத்துக்காட்டினார். பிரான்சு நாட்டின் நடுப்பகுதியில், இன்றைய திசைக்கு நேர்மாறாகக் காந்தமேறிய எரிமலைப் பாறையை பெர்னார்ட் புருன் 1906-இல் அறிவித்தார். புவியின் காந்தத் துருவங்கள் தலைகீழாக மாறியதுண்டு என்பதற்கு அதுவே முதற்சான்றாயிற்று. ஆயினும் மெலிந்த காந்தத்தையும் அளக்கவல்ல கருவி அக்காலத்தில் இல்லை.

அக்கருவி வந்த வழி வியப்புக்குரியது. நோபல் பரிசு பெற்ற ஆங்கில இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட், பெரும் பொருள்கள் சுழல்வதனாலேயே காந்தம் பிறக்கிறது என்று 1947-இல் கருதினார். அதனைச் சோதிக்க நுண்ணிய காந்தமானி ஒன்றை அமைத்தார். புவியோடு சேர்ந்து சுழலும் 15 கிலோகிராம் தூய தங்க உருளையை அதனருகே வைத்து அளந்தார். எதிர்பார்த்த காந்தம் தோன்றவில்லை. தம் கருத்து பொய்த்ததை அவர் மறைக்கவில்லை. 1952-இல் விரிவாக வெளியிட்டார். பின்னர் அவருடைய குழுவினர் அவ்வகைக் கருவியைக் கொண்டு பாறைகளை ஆராயத் தொடங்கினர்.

அவ்வாய்வில் நம் நாட்டின் தக்காணப் பாறைகளும் இடம்பெற்றன. மேற்கு இந்தியாவில் சுமார் ஐந்து இலட்சம் சதுர கிலோமீட்டர் பரந்து, படிப்படியாக அடுக்கி நிற்கும் இவை, ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வழிந்த குழம்பின் படிவங்கள். வட அரைக்கோளத்தில் பிறந்திருப்பின் இவற்றின் காந்தத்தில் வடமுனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். சோதித்தபோதோ மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது! துருவம் மாறிய காலத்து அடுக்குகளில் திசை தலைகீழாயினும் அச்சு ஒன்றே. கிளெக், டாய்ச், கிரிஃபித்ஸ் ஆகியோர் 1956-இல் இதனை வெளியிட்டனர். தக்காணம் பிறந்தது தெற்கே சுமார் 30 பாகையில்! வங்கத்தின் மேற்கே உள்ள ராஜ்மகால் பாறைகள் இன்னும் பழமையானவை. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த இராதாகிருஷ்ணமூர்த்தியும் சகஸ்ரபுத்தேயும் கிளெக்குடன் இணைந்து அவற்றை ஆராய்ந்து 1958-இல் வெளியிட்டனர். அவை அதனினும் தெற்கே பிறந்தவை.

துருவமே நகர்ந்திருக்கலாகாதா எனச் சிலர் வினவினர். அவ்வாறாயின் ஒரே காலத்து ஐரோப்பியப் பாறையும் இந்தியப் பாறையும் ஒரே துருவத்தைச் சுட்ட வேண்டும். அவை வெவ்வேறு இடங்களைச் சுட்டின. ஆகவே கண்டங்களே நகர்ந்தன என்பது வலுப்பெற்றது. 1912-இல் இக்கருத்தை முன்வைத்து எள்ளலுக்கு ஆளான ஆல்பிரெட் வெகனர், 1930-இல் கிரீன்லாந்தின் பனிவெளியில் உயிர்நீத்தார். இச்சான்றைக் காண அவர் இல்லை.

அசைவின்மைக்கு உவமையாக நாம் மலையையே சொல்கிறோம். அம்மலையோ நிலநடுக்கோட்டைக் கடந்து ஐயாயிரம் கிலோமீட்டர் வந்திருக்கிறது. அதனை நமக்கு உணர்த்திய கருவியோ, ஒரு பேரறிஞர் தம் தோல்வியை நேர்மையுடன் ஒப்புக்கொண்ட இடத்திலிருந்து வந்தது. உண்மையைத் தேடுவோர்க்கு வீண்முயற்சி என்று ஒன்றில்லை போலும்.