பிந்துனுவெவ: எண்ணப்படாத ஆண்கள்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மக்களுக்குப் பண்டாரவளை அந்நிய ஊரல்ல. இரண்டும் பதுளை மாவட்டத்துக்குள் அடங்குபவை. அந்தப் பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவவில் 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி காலை நிகழ்ந்த படுகொலையை நாம் இனவன்முறை என்றே பேசி வந்திருக்கிறோம். அது சரியே. ஆனால் அதற்கு இன்னொரு முகமும் உண்டு. அதனைப் பற்றியதே இக்கட்டுரை.

அங்கிருந்த புனர்வாழ்வு நிலையத்தில் 41 தமிழர்கள் தடுத்து வைக்கப்பட்டிருந்தனர். அனைவரும் ஆண்கள். பெரும்பாலோர் வடக்கு, கிழக்கைச் சேர்ந்த இளைஞர்கள், சிலர் சிறுவர்கள். புலிகளோடு தொடர்புடையவர்கள் என்ற சந்தேகத்தில் பிடிபட்டவர்களும், தாமாகவே சரணடைந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். விடுதலை தாமதமாவது முதலான குறைகள் பற்றி முதல்நாள் மாலை நிலைய அதிகாரிகளோடு தகராறு ஏற்பட்டது. இரவே பொலிஸார் காவலுக்கு வந்தனர். விடிந்ததும் கத்தி பொல்லுகளோடு பெருங்கூட்டம் உள்ளே நுழைந்தது. சுமார் 60 பொலிஸார் நிற்கத்தக்கதாகவே குறைந்தது 26 பேர் வெட்டியும் அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டனர். தொடர்ந்து தலவாக்கலை உள்ளிட்ட மலையக நகரங்களில் கண்டனப் போராட்டங்களும் மோதல்களும் வெடித்தன.

ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. வழக்கும் நடந்தது. 2003 ஜூலையில் இரு பொலிஸ் அதிகாரிகள் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில், 2005 மே மாதத் தீர்ப்போடு அந்த ஐவருமே விடுதலையாகிவிட்டனர். கொல்லப்பட்டவர்களுக்காக இன்று எவருமே தண்டனை அனுபவிக்கவில்லை.

இவர்கள் தமிழர் என்பதால் மட்டும் அங்கு கொண்டுவரப்படவில்லை. தமிழராகவும் இளைஞராகவும் ஆணாகவும் இருந்ததால் கொண்டுவரப்பட்டவர்கள். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில், சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கப்பட்டவனும், சுற்றிவளைப்பில் வரிசையில் நிறுத்தப்பட்டவனும் பெரும்பாலும் இளைஞனே. பிரஜாவுரிமைச் சிக்கலால் அடையாள அட்டை இல்லாதிருந்த தோட்டத்து இளைஞனுக்கோ இந்த ஆபத்து இரட்டிப்பானது. 1987-89 காலத்தில் தெற்கில் காணாமற்போன சிங்களவர்களிலும் இளைஞர்களே அதிகம்.

தடுப்பில் நடந்தவற்றை ஆண்கள் வெளியே சொல்வதில்லை. பிந்துனுவெவப் படுகொலை நிகழ்ந்த அதே 2000ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. இலங்கையில் தடுத்து வைக்கப்பட்டுச் சித்திரவதைக்குள்ளாகிப் பின்னர் லண்டனில் மருத்துவர்களை நாடிய 184 தமிழ் ஆண்களில் 38 பேர், அதாவது 21 வீதமானோர், தாம் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகக் கூறியிருந்தனர். சொல்லாதவர்கள் எத்தனை பேரோ? 'ஆம்பிளை அழக்கூடாது' என்று வளர்த்த சமூகத்தில் அதைச் சொல்வதற்கு வார்த்தை ஏது? சட்டமும் அந்த வார்த்தையைத் தரவில்லை. நமது தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு வல்லுறவைப் பெண்ணுக்கு எதிரான குற்றமாக மட்டுமே வரையறுக்கிறது. ஆணுக்கு நேர்ந்தால் அது வேறொரு பிரிவில், வேறொரு பெயரில் அடங்கிவிடுகிறது.

இது முஸ்லிம்களாகிய நமக்குப் பிறர் கதையல்ல. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் புலிகள் சுட்டுக் கொன்றனர். 1995 ஜூலையில் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் ஆண்களையும் சிறுவர்களையும் தனியே பிரித்தெடுத்துச் சுமார் 8,000 பேரைக் கொன்றார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் இங்கே சந்தேகத்தின் முகம் முஸ்லிம் இளைஞனுடையதாயிற்று. 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் கைதான கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 2021 டிசம்பரில்தான் பிணையில் வெளிவந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பிந்துனுவெவ இளைஞர்களைத் தடுத்துவைத்த காலத்தில் நடைமுறையிலிருந்த அதே பயங்கரவாதத் தடைச் சட்டந்தான், இருபது வருடங்களின் பின் நம் கவிஞரையும் உள்ளே வைத்தது.

ஆண்களின் துயரைப் பேசுவது பெண்களின் துயரை மறுப்பதாகாது. பிள்ளையின் போட்டோவை ஏந்தி வருடக்கணக்காகத் தெருவில் நிற்பவள் தாய்தானே! அவனுக்கு நேர்ந்ததை எழுதாமல் விட்டால் அவளது கேள்விக்கும் பதில் கிடைக்காது.

காத்தான்குடியை ஒவ்வோர் ஓகஸ்டிலும் நாம் நினைவுகூருகிறோம்; அது நமது கடமை. ஒக்டோபர் 25 வரும்போது நமது பக்கங்களில் பிந்துனுவெவ ஏன் இடம்பெறுவதில்லை? கொன்றவர்கள் வேறு, கொல்லப்பட்டவர்களின் சமூகம் வேறு. ஆயினும் நிராயுதபாணியாக நின்ற இளைஞர்கள் என்ற வகையில் இரு இடங்களிலும் மாண்டவர்கள் ஒன்றே. ஊவாவில் வாழும், எழுதும் முஸ்லிம்கள் இதனையும் தம் மாகாணத்தின் வரலாறாக ஏற்றுப் பதிவு செய்யவேண்டும்.