பாட்டி கைத் தழும்பும் பதினைந்து குத்தும்

செமஸ்டர் முடிந்து பத்து நாள் ஊரில் இருந்தேன். கரண்ட் போன ஒரு மத்தியானம், திண்ணையில் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர் இடது கைத் தழும்புகள் கண்ணில் பட்டன. பழைய நாலணா அளவில் இரண்டு வட்டங்கள். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான், என்ன என்று கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"அம்மை குத்துனதுடா. அந்த ஆளு தெருமுனையில வர்றார்னு தெரிஞ்சாலே நெல்லுக் குதிருக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்குவோம். எங்கப்பா என்னைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உட்கார வச்சார். என்னமோ ஒண்ணக் கையில வச்சு ஒரு திருகு திருகுவாரு பாரு, உயிரே போயிடும். சின்னத் தம்பி மட்டும் மாட்டல. ரெண்டு வருஷம் கழிச்சு பெரியம்மை வந்து போயிட்டான். குத்த வந்தவரு நோட்டுல எங்க வீட்டுல எல்லாருக்கும் குத்தியாச்சுன்னுதான் எழுதியிருப்பாரு."

அந்தக் கடைசி வரி என்னை விடவில்லை. பி.காம் படிக்கிறவனுக்கு நோட்டுப் புத்தகம் என்றாலே ஒரு சந்தேகம் வரும் :-) அப்படித் தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஊசியைப் போட்டவர்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள், அது எப்படி மாறியது என்பது அவ்வளவாகப் பேசப்படாத கதை.

பாட்டி சொன்ன 'திருகு', சுழல் கருவி. ஒரு தண்டின் முனையில் சின்னச் சின்னப் பற்கள் கொண்ட வட்டத் தகடு. அம்மைப்பாலைத் தோலில் தடவி, தகட்டை வைத்துத் திருக வேண்டும். அதிகமாகத் திருகினால் புண், குறைவாகத் திருகினால் மருந்து ஏறாது. கை பழகுவதற்குப் பல நாள் ஆகும். போதாததற்கு, திரவ மருந்து வெயிலில் கெட்டுவிடும்.

1962இல் இந்திய அரசு தேசிய பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று வருடத்தில் மக்கள்தொகையில் 80 சதவீதம் பேருக்குக் குத்திவிட வேண்டும் என்பது குறி. எண்ணிக்கை கோடிக்கணக்கில் ஏறியது. நோய் மட்டும் போகவில்லை. காரணம் எளிது. ஊழியரை மதிப்பிட்டது, எத்தனை பேருக்குக் குத்தினார் என்பதை வைத்துத்தான். அதனால் எளிதாகக் கிடைக்கிறவர்களுக்கே, குறிப்பாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே, மறுபடி மறுபடி குத்தப்பட்டது. குதிருக்குப் பின்னால் ஒளிந்தவனைத் தேடிப் பிடிக்க யாருக்கும் நேரமில்லை. இன்னொரு கொடுமை, தன் பகுதியில் அம்மை வந்திருக்கிறது என்று அறிக்கை கொடுத்தால் அந்த ஊழியருக்கே திட்டும் தண்டனையும் கிடைத்தன. பிறகு யார் எழுதுவார்கள்? எங்கள் வகுப்பில் இதற்கு ஒரு பெயர் உண்டு, விண்டோ டிரெஸ்ஸிங். கணக்கு அழகாக இருக்கும், கடை மூழ்கிக்கொண்டிருக்கும்.

1967இல் உலக சுகாதார நிறுவனம் டி.ஏ. ஹெண்டர்சன் தலைமையில் உலகம் முழுக்க ஒழிப்பு முயற்சியைத் தீவிரப்படுத்தியது. அப்போது கைகொடுத்தவை இரண்டு. ஒன்று, வெப்பத்தைத் தாங்கும் உறை-உலர் தடுப்பு மருந்து. நம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் அது தயாரானது. இரண்டாவது, பெஞ்சமின் ரூபின் கண்டுபிடித்த கவட்டை ஊசி. தையல் ஊசியின் காதை நறுக்கிவிட்டது போல முனையில் இரண்டு பல். மருந்தில் தோய்த்து எடுத்தால் நடுவில் ஒரு துளி நிற்கும். அதைத் தோலுக்குச் செங்குத்தாகப் பிடித்து வேகமாக 15 முறை குத்த வேண்டும். அந்த இடத்தில் லேசாக ரத்தம் துளிர்த்தால் சரியாகக் குத்தியதாக அர்த்தம். பழைய முறையில் 25 பேருக்கு வந்த மருந்து, இதில் 100 பேருக்கு வந்தது. ஆயிரம் ஊசி சுமார் 5 டாலர்தான். கொதிக்க வைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, இதைச் சாதாரண கிராமத்து ஆளுக்குக் கால் மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கையின் பயிற்சி சுருங்கியது. அந்த நேரத்தைக் கண்ணுக்கும் வாய்க்கும் பயிற்சி கொடுக்கச் செலவிட முடிந்தது.

1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் வேலை பார்த்த வில்லியம் ஃபோகி என்ற மருத்துவர், கையில் மருந்து போதாததால், நோயாளி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கு மட்டும் குத்திப் பார்த்தார். நோய் அடங்கியது. இந்த 'தேடு, வளை' முறையை 1973இல் இந்தியாவிலும் முழு மூச்சாகச் செய்ய முடிவானது. டெல்லியில் எம்.ஐ.டி. சர்மா, நிக்கோல் கிராசே போன்றவர்கள் ஃபோகியோடு சேர்ந்து திட்டம் போட்டார்கள்.

இப்போது ஊழியர்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது வேறு பாடம். அம்மை போட்ட குழந்தையின் படம் உள்ள ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார்கள். அதைச் சந்தையில், பள்ளிக்கூடத்தில், டீக்கடையில், வீடு வீடாகக் காட்டி, இந்த மாதிரி யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். சின்னம்மைக்கும் பெரியம்மைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். கண்டுபிடித்த வீட்டுக்குக் காவல் போட வேண்டும். வந்து போகிறவர்களுக்கெல்லாம் குத்த வேண்டும். மலேரியா ஊழியர், குடும்பநல ஊழியர் என்று எல்லோரையும் மாதத்தில் சில நாள் இந்த வேலைக்கு இழுத்தார்கள்.

1973 அக்டோபரில் நடந்த முதல் தேடலில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஏறக்குறைய 10,000 புதிய நோயாளிகள் அகப்பட்டார்கள். வழக்கமான அறிக்கைகளில் தெரிந்தது அதில் சிறு பங்குதான். நோய் திடீரென்று கூடவில்லை. அதுவரை யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கடுத்த படி. தேடல் முடிந்ததும் வேறொரு குழு, ஏறக்குறைய பத்தில் ஒரு கிராமத்துக்குப் போய், 'இங்கே யாராவது வந்தார்களா? படம் காட்டினார்களா?' என்று விசாரித்தது. சாட்சாத் டெஸ்ட் செக்! போன லீவில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பழகப் போனபோது நான் வவுச்சரைப் பார்க்காமலே வரிசையாக டிக் போட்டேன். சீனியர் அண்ணன் நடுவில் நான்கை உருவிப் பார்த்தார், மூன்றில் கையெழுத்தே இல்லை. அவர் திட்டவில்லை. "டிக் போடுறது வேலை இல்ல தம்பி, பார்க்கிறதுதான் வேலை" என்றார். இதைப் படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

1974இல் நிலைமை பயங்கரமாகிவிட்டது. அந்த ஒரு வருடத்தில் 1,88,000க்கும் மேல் நோயாளிகள் பதிவானார்கள். இறந்தவர்கள் 31,000க்கும் மேல். பீகார் அமைச்சர் பழையபடி எல்லோருக்கும் குத்தும் முறைக்கே திரும்பிவிடலாம் என்றார். அந்தக் கூட்டத்தில் ஒரு பீகார் மருத்துவர் எழுந்து, எங்கள் கிராமத்தில் ஒரு வீடு தீப்பிடித்தால் அந்த வீட்டில்தான் தண்ணீர் ஊற்றுவோம், ஊரிலுள்ள எல்லா வீட்டிலும் ஊற்ற மாட்டோம் என்ற பொருளில் பேசியதாக ஃபோகி எழுதியிருக்கிறார். புது முறைக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது.

தண்டனையும் தலைகீழானது. நோயாளியைக் காட்டிக்கொடுத்தால் பரிசு என்று அறிவித்தார்கள். 50 ரூபாயில் தொடங்கிய தொகை, 1975இல் 1,000 ரூபாய் ஆனது. கெட்ட செய்தி கொண்டுவருகிறவனுக்குத் திட்டு விழாது என்று தெரிந்ததும் செய்தி வந்தது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980 மே 8 அன்று உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

இதில் ஒரு கறையும் உண்டு, அதை மறைத்தால் நானும் விண்டோ டிரெஸ்ஸிங் செய்தவனாவேன். கடைசிக் கட்டத்தில் சில இடங்களில் ராத்திரியில் வீடு புகுந்து, பிடித்து அமுக்கிக் குத்தியிருக்கிறார்கள். கண்ணால் தேடவும் ஊசியால் குத்தவும் கற்றுக்கொடுத்தவர்கள், பயந்த மனுஷனிடம் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொடுப்பதில் குறைவைத்துவிட்டார்கள். கொரோனா தடுப்பூசி சமயத்தில் எங்கள் தெருவுக்கு வந்த நர்ஸ் அக்கா, மாட்டேன் என்ற பெரியவரோடு அரை மணி நேரம் பேசிவிட்டு, குத்தாமலே திரும்பிப் போனார். மறுநாள் அவரே தேடிப் போய்ப் போட்டுக்கொண்டார். அந்த அரை மணி நேரம் எந்த நோட்டிலும் ஏறியிருக்காது.

படித்ததையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வந்தவரு குதிருக்குப் பின்னால ஒரு எட்டு பார்த்திருக்கலாம்ல?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி கையிலும் அந்த வட்டத் தழும்பு இருக்கும். ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கதை கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.