கைத்தொழிலும் இளைஞர் மன்றமும்

“நம் பிள்ளைகட்குக் கைத்தொழில் கற்பிப்போம்” என்றவுடன் சமுதாயப் பெரியோர் சிலர் முகம் சுளிப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. 1953இல் இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பிள்ளைகள் நாள்தோறும் மூன்று மணி நேரம் பள்ளியில் பயின்று, எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டுமென்றது. பண்ணையாள் மகனுக்கு அதன் பொருள் யாதென விளக்க வேண்டுவதில்லை. குலக்கல்வி என்று கண்டிக்கப்பெற்ற அத்திட்டம், 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் கைவிடப்பெற்றது.

எனினும் குலத்தொழில் வேறு, தொழிலறிவு வேறு. முன்னது பிறப்பால் சுமத்தப்படுவது. பின்னது விரும்பிக் கற்பது. இளைஞர் மன்றங்களின் வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

1902இல் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில், கிரகாம் என்னும் பள்ளிக் கண்காணிப்பாளர் சிறுவர் சிறுமியரைக் கூட்டி ஒரு மன்றம் கண்டார். அவர்கள் மண்ணைச் சோதித்தனர். மக்காச்சோளமும் காய்கறியும் பயிரிட்டனர். இத்தகைய மன்றங்களே பின்னர்த் தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கையும் குறிக்கும் ‘ஃபோர் எச்’ மன்றங்களாக வளர்ந்தன.

அங்கும் ஒரு சேரி இருந்தது. தென்மாநிலங்களில் கறுப்பின மக்களின் பிள்ளைகட்குத் தனி மன்றமே வாய்த்தது. 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வரும்வரை அப்பிரிவினை நீடித்தது. ஆயினும் அம்மக்கள் கைகட்டி நிற்கவில்லை. அடிமையாய்ப் பிறந்த புக்கர் வாஷிங்டன் தலைமையேற்ற டஸ்கிகீ கல்வி நிலையம், 1906இல் உழவுக் கருவிகள் ஏற்றிய வண்டியொன்றைச் சிற்றூர்தோறும் அனுப்பிற்று. பள்ளிக்கு வர இயலாதாரிடம் பள்ளியே சென்றது.

தமிழ் மண்ணிலும் ஒரு சான்று உண்டு. அன்று திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில், 1920களில் ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம் ஒன்றை ஸ்பென்சர் ஹாட்ச் நடத்தினார். அங்குக் கோழி வளர்ப்பும் தேனீ வளர்ப்பும் கற்பிக்கப்பட்டன. முட்டைகளைக் கூட்டாக விற்கவும் வழி காணப்பட்டது. பெட்டியில் தேனீ வளர்த்தால், அடையைப் பிழிந்து அழிக்காமல் சட்டத்தை எடுத்துச் சுழற்றித் தேனைப் பிரித்து, அடையை மீண்டும் பெட்டியில் வைக்கலாம். மார்த்தாண்டம் தேன் இன்றும் பெயர் பெற்றிருப்பதை நாம் அறிவோம்.

நம் பகுதிக்கு வருவோம். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அங்கு மலையாளிப் பழங்குடியினர் கூலியின்றி உழைக்க நேர்ந்தது. அவர்களுக்கு உழைக்கத் தெரியாமலில்லை. உழைப்பின் பயன் அவர்கள் கையில் இல்லை. சமவெளியிலோ, 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாலைப் பொழுதில் இளைஞர் கூடுமிடம் சாராயக் கடையா, மன்றமா என்பதை இனி நாமே முடிவு செய்தல் வேண்டும்.

ஆகவே இளைஞர்களே! ஊர்தோறும் மன்றம் காணுங்கள். பெண்பிள்ளைகளும் அதில் சமமாய் அமரட்டும். தையலோ, மின்பணியோ, தேனீ வளர்ப்போ, விரும்பியதைக் கற்றுக்கொள்ளுங்கள். தலைவரை நீங்களே தேர்ந்தெடுங்கள். வரவு செலவை உங்கள் கையாலேயே எழுதுங்கள். நம் பாட்டன்மார் கணக்குப் பாராமல் கைந்நாட்டு வைத்து நிலமிழந்த கதை நம் வீடுதோறும் உண்டன்றோ? ஆனால் மன்றத்தின் பொருட்டு ஒருநாளும் பள்ளியை விடாதீர்கள். ஏட்டுக்கு மாற்றாகக் கருவியைத் தருவோரை ஐயுறுங்கள். ஏட்டோடு கருவியையும் சேர்த்துப் பிடியுங்கள்.