மாடி பஸ்சும் மாரிஸும்

வயசான காலத்தில் ஓடியாடி இருக்கணும்னு இன்று டாக்டர்கள் சொல்வதற்கு லண்டன் மாடி பஸ்களும் ஒரு காரணம்.

ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31,000 பேரை ஆராய்ந்து 1953இல் லான்செட் இதழில் எழுதினார். நாளெல்லாம் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். ஒருவேளை குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்கு வந்தார்களோ? மனுஷன் விடவில்லை. யூனிபார்ம் பேன்ட் அளவுகளைத் தேடி எடுத்தார்! டிரைவர்களின் இடுப்பு பெரிசுதான். ஆனால் ஒல்லியோ குண்டோ, டிரைவர்களுக்கே ஆபத்து அதிகமாக இருந்தது. டேட்டாவோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் எனக்கு அந்த பேன்ட் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

மாரிஸ் 99 வயது வரை, 2009 வரை, வாழ்ந்தார். தொண்ணூறைத் தாண்டியும் ஆய்வை விடவில்லை. 65 வயதைத் தாண்டியவர் ஆரோக்கியமாக வாழ எவ்வளவு பணம் வேண்டும்? சாப்பாடு, வீட்டுச் செலவோடு உடற்பயிற்சிச் செலவையும் சேர்த்து, சக ஆய்வாளர்களுடன் 2007இல் கணக்குப் போட்டார். தனி ஆளுக்கு வாரம் 131 பவுண்டு. "தினமும் நடங்க தாத்தா" என்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதே இல்லை. இங்கிலாந்தில் அப்போது அரசு கொடுத்த பென்ஷனைவிட அது ஏறக்குறைய 50% அதிகம்.