ஊவாத் தோட்டங்களில் வாசிப்புரிமையும் சட்டமும்

வாசிக்கும் சுதந்திரம் என்றவுடன் தடைசெய்யப்பட்ட நூல்களே நினைவுக்கு வருவதுண்டு. பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை எனப் பரந்துள்ள ஊவாத் தோட்டங்களிலோ நூலைத் தடைசெய்யும் தேவை நெடுங்காலம் எழவில்லை. எழுத்தறிவு, செய்தி கொணர்வோர், நூலகம் ஆகிய மூன்றும் தோட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றமையே அதற்குக் காரணம். இவற்றுள் ஒவ்வொன்றிலும் சட்டத்தின் பங்கு நோக்கற்பாலது.

1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளின் தாய்மொழிக் கல்வியைத் தோட்டத் துரைமாரின் பொறுப்பாக்கியது. பிள்ளையின் உழைப்பால் இலாபமடைந்தவரிடமே அப்பிள்ளையின் கல்வியும் ஒப்படைக்கப்பட்டது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறத்தே நின்றன. அவற்றை அரசு பரவலாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இன் பின்னரேயாகும்.

செய்தி கொணர்வோர்க்கும் வாயில் அடைபட்டிருந்தது. தோட்டம் தனியார் நிலம்; அனுமதியின்றி நுழைவது அத்துமீறற் குற்றம். தொழிலாளர் நிலையை நேரிற் காண விரும்பிய கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டே தோட்டங்களுட் புகுந்தார். புடவைக்குத் திறந்த கதவு பத்திரிகைக்குத் திறக்கவில்லை. எழுத்தறியாதார்க்குக் கேட்டலே வாசிப்பு. அதற்கும் தடை வந்தது. 1940 மே மாதத்தில், பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்து வேலைநிறுத்தத்தை ஒட்டிய நாட்களில், பொலிசாரின் தடையை மீறியே என். எம். பெரேரா பதுளையிற் பேச நேர்ந்தது.

நூலகத்தின் கதை இவற்றினும் துயரமானது. 1948 இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றி, சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்து, வாசிப்புக்கு நிலையான நிதி தேடிற்று. அதே 1948 இல் இலங்கையின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கற்றவன் யாரிடம் நூலகம் கேட்பான்? பிரசாவுரிமை மீண்ட பின்னரும், 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தடையாயிற்று. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபைகளே தோட்டத்தினுள் நிதி செலவிட இயலாதிருந்தன. 2018 ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்வழியைத் திறந்தது.

ஆயினும் வழி திறத்தல் வேறு, கடமையாக்குதல் வேறு. நகர நூலகமொன்றில் யான் உறுப்புரிமை கோரியபோது, வரியிறுப்பாளர் ஒருவரின் பிணைக் கையொப்பம் வேண்டுமென்றனர். தமக்கென வீடோ நிலமோ இல்லாத லயத்து மக்களுள் வரியிறுப்பவர் யார்? அன்று வெறுங்கையோடு திரும்பினேன். நூலை எவரும் தடைசெய்யவில்லை, நூல் கிடைக்கவுமில்லை.

ஆதலின் இனிவரும் சட்டம் மூன்றை விதித்தல் வேண்டும். தோட்டப் பகுதிகளில் நூலகம் அமைத்தல் உள்ளூராட்சி மன்றத்தின் கட்டாயக் கடமையாதல் வேண்டும். அதற்கெனத் தனி நிதி ஒதுக்கப்படல் வேண்டும். லயத்து முகவரியே உறுப்புரிமைக்குப் போதுமானதாதல் வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அடைத்தும் திறந்தும் விளையாடிய சட்டம், இனியேனும் திறந்த கதவைத் திறந்தபடி காத்து நிற்பதாக.